தக்கை கீழாகக் கிடந்த பீப்பாய்

வெர்லின் ஸ்காக்ஸ் முப்பத்தைந்து வருடம் பர்பன் விஸ்கிப் பீப்பாய்களோடு மல்லுக்கட்டியவர். ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைத்ததில்லை. குடியைப் பாவமென்று சொல்லும் பாப்டிஸ்ட் சபைக்காரர். சாராயக் கிடங்கில் வேலை பார்ப்பது உறுத்தவில்லையா என்று போதகர் ஒருமுறை கேட்டதற்கு, "நான் மரத்தைத்தான் உருட்டுறேன் பாஸ்டர், உள்ள இருக்கறது அது பாட்டுக்கு இருக்கு" என்று பதில் சொன்னார். போதகர் சிரித்துவிட்டார். கென்டக்கியின் இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதி சபை வேலையை விட வேண்டியிருக்கும்.

பிறந்தது கேசி கவுண்டி மலைப்பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் புகையிலை வெட்டியவர். வெர்லினும் பதினாறு வயது வரை வெட்டினார். இருபத்து மூன்றாவது வயதில் பார்ட்ஸ்டவுன் பக்கத்து வடிசாலைக்கு வேலைக்கு வந்தார். முதல் நாளே அவரை டோர்சி கிரீன்வெல்லோடு ஜோடி சேர்த்தார்கள். டோர்சி கத்தோலிக்கர், வாயாடி, தினம் சாயங்காலம் குடிப்பவர். இவர் அளந்து பேசுபவர். இரண்டும் எப்படி ஒட்டும் என்று மேஸ்திரியே சந்தேகப்பட்டாராம். ஒட்டியது. இருபத்தாறு வருடம் ஒட்டியது.

அந்த வேலையை இரண்டு பேராகத்தான் செய்ய முடியும். பீப்பாயின் வயிற்றில் ஒரு துளை, அதில் அடித்து இறுக்கிய மரத்தக்கை. வரிசையில் போய் உட்காரும்போது தக்கை மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் வருடக்கணக்கில் கசியும். உள்ளே போய்ச் சேர்ந்த இருநூற்று முப்பது கிலோ பீப்பாயைத் திருப்பி வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் உருட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடுவார்கள். தண்டவாளம் போன்ற இரண்டு மரச்சட்டங்களின் மேல் இத்தனை தூரம் உருண்டால் இத்தனை சுற்று. அப்படியானால் தக்கை இப்போது கடிகாரத்தில் எந்த மணியில் நிற்க வேண்டும்? உள்ளே நிற்பவர் அந்த எண்ணைக் கூவுவார். "நாலு!" என்றால் வரிசையின் வாசலில் நிற்பவர் தக்கையை நாலு மணிக்குத் திருப்பிவைத்துப் பீப்பாயை விடுவார். எண் வந்துவிட்டால், உள்ளே இருப்பவர் கைகால்களை வெளியே எடுத்துக்கொண்டு விலகி நிற்கிறார் என்றும் பொருள். எண் வராமல் யாரும் விடக் கூடாது. சுவரில் எழுதிப்போட்ட விதியல்ல இது. எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

டோர்சி உள்ளே, வெர்லின் வாசலில். பள்ளிக்கூடத்தில் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்ட டோர்சி, பீப்பாய்க் கணக்கில் ஒரு முறைகூடத் தவறியதில்லை. "எட்டு! விடுடா வெர்ல், உன் சபைக்காரிங்க பாக்கறதுக்குள்ள விடு!" என்று கூவினால் பீப்பாய் உருண்டு போய்த் தக்கையை மேலே காட்டிக்கொண்டு உட்காரும். ஒவ்வொரு தடவையும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஜூலை பதினேழாம் தேதி, நாலாம் மாடியில் பதினாலாம் வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்த மத்தியானம். முதல் பீப்பாய் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதை வெர்லின் வாசலில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்தார்.

டோர்சி எண் சொல்லவில்லை. முதல் பீப்பாய் லேசாகச் சாய்ந்திருந்ததால் குனிந்து அதை நேராக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது பீப்பாய் வந்து அவர் நெஞ்சை முதல் பீப்பாயோடு வைத்து நசுக்கியது. பக்கத்து இடைவெளி வழியாக அவரை இழுத்தெடுத்தபோது, அந்தப் பீப்பாய் மிச்சமிருந்த ஒரு முழத்தையும் உருண்டு கடந்து, தன் இடத்தில் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே டோர்சி முடிந்துபோனார்.

ஏன் கையை எடுத்தார்? குடிக்கவில்லை. சண்டை இல்லை. அவசரமும் இல்லை. இருபத்தாறு வருடமாகக் கேட்ட குரல் காதிலேயே குடியிருந்தது. அது சொல்லாமலே சொன்னது போலிருந்தது. கை பழக்கத்தில் விட்டுவிட்டது. காரணம் என்று கேட்டால் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் மனிதர் கொஞ்சமாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

விசாரித்தவர்கள் கேட்டார்கள்: "எண் சொன்னாரா?"

"சொன்னார்."

"என்ன எண்?"

"எட்டு."

அறிக்கையில் பீப்பாயின் நம்பர், அந்த எட்டு, அப்புறம் முடிவாக ஒரே வரி. உள்ளே நின்றவர் எண் சொன்ன பிறகும் விலகாமல் மறுபடி குனிந்ததால் நேர்ந்த விபத்து, அதாவது செத்தவருடைய கவனக்குறைவு.

நாலு நாள் வரைக்கும் வெர்லினே அதை நம்பினார். எட்டு என்று காதில் விழுந்ததாகச் சத்தியமே செய்திருப்பார். ஐந்தாம் நாள் அந்த வரிசையை முடிக்கச் சொன்னார்கள். பக்க இடைவெளியில் ஏறி எட்டிப் பார்த்தார். முதல் பீப்பாயின் தக்கை மேலே இருந்தது. இரண்டாவதன் மேற்புறம் மொட்டையாக இருந்தது. எட்டு என்று கேட்டு எட்டுக்குத் திருப்பி விட்டிருந்தால் தக்கை மேலே வந்திருக்கும். திருப்பவே இல்லை. வந்தது வந்தபடி விட்டிருக்கிறார். தக்கை நேர் கீழே, ஆறு மணியில் கிடந்தது.

எண் வராமலே பீப்பாயை விட்டாயிற்று என்று புரிய, கிடங்கில் வேலை பார்க்கும் எவனுக்கும் அது ஒன்று போதும். இரண்டு பேர் சேர்ந்து கடப்பாரை போட்டால் திருப்பியிருக்கலாம். திருப்பினால் சொன்ன பொய்க்கு முட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். திருப்பாவிட்டால் ஒருநாள் அது காட்டிக்கொடுக்கும். இரண்டையும் யோசித்துவிட்டு, மூன்றாவது பீப்பாயை அதன் முன்னால் உருட்டி மறைத்தார். அதற்கு முன்னால் இன்னொன்று. வரிசை நிரம்பியது.

அதற்குப் பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் டோர்சி வீட்டில்தான் கழிந்தன. கல்யாணம் செய்துகொள்ளாதவர். டோர்சி இருந்தபோதே அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. இப்போது விறகு பிளந்து போட்டார். கூரைத் தாழ்வாரத்தின் தகரத்தைச் சரிசெய்தார். குளிர்காலத்துக்கு முன் ஜன்னல்களை அடைத்தார். டோர்சியின் மனைவி நடீன் பன்றித் தொடை எலும்பு போட்டு அவரைக்கொட்டை வேகவைப்பாள். சோள ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்துக்கொண்டே சொல்வாள்:

"உனக்கு இருக்கற பொறுப்புல பாதி அந்த மனுஷனுக்கு இருந்திருந்தா இன்னிக்கு இந்த நாற்காலில உக்காந்து சாப்ட்டுட்டு இருந்திருப்பார். எண்ணைச் சொல்லிட்டு எவனாவது மறுபடி தலைய உள்ள குடுப்பானா? எனக்குன்னு வாய்ச்சாரு பாரு."

வெர்லின் தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார்.

அடக்கத்துக்குப் பிறகு நடீன் கல்லறைப் பக்கம் போனதே இல்லை. கல்லறை இருக்கும் கோயில் வீட்டிலிருந்து இரண்டு மைல்தான். "தன்னாலேயே போய்ச் சேர்ந்தவருக்கு நான் எதுக்குப் பூ வைக்கணும்" என்பாள். பதினெட்டு வயது மகளோடு தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போன முட்டாள் என்று அவரைத் திட்டித் திட்டியே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டாள். அந்தக் கோபம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது என்று ஊரில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கோபம் தப்பான ஆளின் மேல் இருந்தது. அது வெர்லின் ஒருவருக்குத்தான் தெரியும்.

மகள் ட்வைலா பிற்பாடு அதே வடிசாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி, பீப்பாயிலிருந்து நேரே எடுத்துக் கொடுத்துச் சுவைக்கச் சொல்லித்தரும் வேலை. போன மே மாதம் அவளுக்குக் கல்யாணம். அப்பா இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனது வெர்லின்தான். மாட்டேன் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. அன்றைக்கு எடுத்த போட்டோவில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், பாவம், அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் ட்வைலா கிடங்குக்கு வந்தாள். கையில் ஒரு பட்டியல்.

"வெர்ல் மாமா, வியாழக்கிழமை சின்சினாட்டிலேருந்து ஒரு கூட்டம் வருது. மூணு பீப்பாய ருசி பாத்து, அதுல ஒண்ணை மொத்தமா வாங்கிட்டுப் போவாங்க. நம்பர் இதுல இருக்கு."

வெர்லின் வாங்கிப் பார்த்தார். மூன்றாவது எண்ணை இரண்டு தடவை படித்தார். நாலாம் மாடி, பதினாலாம் வரிசை, இரண்டாவது.

"இது எதுக்கும்மா? அது கசிஞ்சிருக்கும். வேற எடுத்துக்க."

"வேற வேணாம். நான்தான் கிரேடிகிட்ட கேட்டு வாங்கினேன். அவரு மேனேஜரா வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல, அவருக்கு ஒண்ணும் தெரியாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா அறிக்கைல அந்த நம்பர் இருக்கு மாமா. அவரைக் கொன்ன பீப்பாய். ஒம்பது வருஷமா என் தலைக்கு மேல நாலாவது மாடில சொகுசா படுத்துக் கெடக்கு. அத எறக்கணும். முன்னபின்ன தெரியாத ஜனங்க அதை ஒரு சொட்டு மிச்சமில்லாம குடிச்சுத் தீர்க்கணும். அத நான் நின்னு பாக்கணும்."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாகிட்ட அப்பா பேரை எடுத்தாலே தட்டு பறக்கும். நமக்குள்ள இருக்கட்டும். நீங்களே எறக்குங்க, நீங்களே எடுத்துக் குடுங்க. வேற எவனும் தொட வேணாம்."

புதன்கிழமை மத்தியானம் கூட வேலை பார்ப்பவனைச் சாப்பிட அனுப்பிவிட்டு வெர்லின் வரிசையின் கடைசிக்குப் போனார். முன்னால் இருந்தவையெல்லாம் காலையிலேயே வெளியேறிவிட்டன. அவர் கைவைத்ததும் அந்தப் பீப்பாய் லேசாக அசைந்தது. முக்கால்வாசி காலி. உருட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தபோது தக்கை மேலே ஏறி வந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக, கெட்டியாக, கசிந்து சொட்டிக் காய்ந்த பிசின். சொட்டு விழ இருந்தபடியே உறைந்த முனைகள் இப்போது தலைகீழாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. தக்கை மேலே இருந்த பீப்பாய்க்கு அப்படி வராது. ட்வைலா கிடங்குக்காரனின் மகள். ஒரு பார்வை போதும் அவளுக்கு.

சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முன் திருப்பாமல் விட்ட கை, இப்போது சுரண்டியது. பிசின் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. காலால் தள்ளிச் சட்டங்களின் சந்தில் போட்டார். வேலை முடிந்ததும் கீழே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ஜெபம் செய்யப் பார்த்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சின்சினாட்டிக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். தலைவர் லேலண்ட், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பல் டாக்டர். வந்ததும் வராததுமாக, "நாப்பது வருஷம் அடுத்தவன் வாயைப் பாத்தாச்சு, இனிமே என் வாயைக் கவனிக்கப் போறேன்" என்று ஒரு ஜோக் அடித்தார். பஸ்ஸிலேயே நாலு தடவை அடித்திருப்பார் போல. கூட வந்த யாரும் சிரிக்கவில்லை.

கிடங்கின் தரைத்தளத்தில் மூன்று பீப்பாய்களும் மரத்தாங்கி மேல் வரிசையாகக் கிடந்தன. ட்வைலா கண்ணாடிக் கிண்ணங்களை அடுக்கினாள். அவள் வேலையே தனி அழகு.

"மூக்கை உள்ள விட்டு இழுக்காதீங்க சார், சூடு மண்டைக்கு ஏறிடும். வாயை லேசா தொறந்துகிட்டு மோந்து பாருங்க. முதல் வாய் நாக்குக்குச் சமாதானம் சொல்லத்தான். ரெண்டாவது வாய்லதான் பேச்சு."

வெர்லின் மரச்சுத்தியால் தக்கையின் இரண்டு பக்கமும் தட்ட, முதல் பீப்பாயின் தக்கை துள்ளி மேலே வந்தது. நீளச் செம்புக் குழாயை உள்ளே விட்டு, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, கிண்ணங்களில் விட்டார். ஒருவர் வெனிலா என்றார். இன்னொருவர் கறுப்புச் செர்ரி என்றார். லேலண்ட் பழைய தோல் நாற்காலி என்றார். இந்த ஜனங்கள் நாற்காலியை எப்போது நக்கிப் பார்த்தார்கள் என்று வெர்லினுக்கு எப்போதும் தோன்றும். அன்றைக்கு அதுகூடத் தோன்றவில்லை. இரண்டாவது பீப்பாய்க்கும் தலையாட்டினார்கள். காரம் தூக்கல் என்றார்கள்.

மூன்றாவது. சுத்தியால் தட்டினார். உள்ளே பெரிய வெற்றிடம் முழங்கியது. ட்வைலா திரும்பிப் பார்த்தாள். குழாயை முக்கால் முழம் இறக்கியும் எட்டவில்லை. இன்னும் குனிந்துதான் கொஞ்சம் எடுக்க முடிந்தது. வந்தது கருப்பட்டிப் பாகு போல இருந்தது, அத்தனை அடர்த்தி.

"என்ன இவ்வளவு கம்மியா இருக்கு? தேவதைங்க பங்கு ஜாஸ்தியோ?" என்றார் லேலண்ட். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிற சாராயத்துக்கு, வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பெயர் அது.

"பலகை விரிஞ்சு கசிஞ்சிருக்கு" என்றார் வெர்லின்.

அவர்கள் குடித்தார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். லேலண்ட் கூட ஜோக் அடிக்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். இதுதான், இதுதான், இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைக் குடித்ததில்லை. மூன்று பங்குச் சாராயத்தின் சாரம் ஒரு பங்கில் இறங்கியிருந்தால் அப்படித்தான் இருக்கும்.

ட்வைலாவும் ஒரு வாய் எடுத்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். துப்பும் பழக்கம் இல்லாதவள் அவள். அன்றைக்குத் திரும்பி நின்று தரையில் துப்பினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

கிண்ணத்தை வைப்பதற்காகப் பீப்பாயிடம் வந்தவளின் விரல் தக்கைத் துளையின் ஓரத்தில் பட்டது. அங்கேயே நின்றது. சுற்றிலும் ஒன்பது வருடத்து மரம் கறுத்துக் கிடக்க, துளையைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் புது மரம் வெளுப்பாகத் தெரிந்தது. கத்தி போன கோடுகள்கூட அப்படியே இருந்தன. இரும்பு வளையத்துக்கு அடியில், கத்தி எட்டாத இடத்தில், ஒரே ஒரு கறுப்பு முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் லேலண்ட் இன்னொரு சுற்று கேட்டுக்கொண்டிருந்தார். ட்வைலா குரலை உயர்த்தவில்லை.

"பலகை விரியல மாமா."

வெர்லின் மரச்சுத்தியைக் கீழே வைத்தார்.

"இது தக்கை கீழாக் கெடந்திருக்கு. ஒம்பது வருஷமும்." அவள் அவரைப் பார்த்தாள். "அறிக்கைல எட்டுன்னு இருக்கு. எட்டுல விட்டா மேலதான வரும்? அப்பா தப்பா சொல்லிட்டாரா?"

அவள் முகத்தில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், அப்பாவே கணக்குத் தவறிவிட்டார் என்று சொல்லிவிடுங்கள், நான் நம்பிக்கொள்கிறேன் என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. ஒரு வார்த்தை போதும். செத்தவர் மேல் இன்னொரு பழி. அவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. வெர்லின் வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"டோர்சி ஒரு தடவை கூடத் தப்பா சொன்னதில்லம்மா" என்றார். "அன்னிக்கு அவன் எண்ணே சொல்லல. நான் விட்டுட்டேன்."

ட்வைலா பீப்பாயின் மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று அவர் பிடித்துக்கொண்டு நடந்த அதே கை. அதைத் தன் பாவாடையில் இரண்டு தடவை துடைத்தாள்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்!" என்று லேலண்ட் கூப்பிட்டார். "எங்களுக்கு இதான் வேணும். நாப்பது பாட்டில் தேறினாலும் சரி. கையெழுத்துப் போடற வழக்கம் உண்டுல்ல?"

உண்டு. வாங்குபவர்கள் பீப்பாயின் முகப்பில் பெயர் எழுதுவார்கள். எடுத்துக் கொடுத்த கிடங்குக்காரரும் எழுதுவார். ஆறு பேரும் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு எழுதினார்கள். நிரப்பிய தேதி முத்திரையின் கீழே, ஜூலை 17 என்பதற்கு நேர் அடியில், இடம் மிச்சமிருந்தது. வெர்லின் பின்வாங்கினார்.

ட்வைலா பேனாவை அவரிடம் நீட்டினாள். "போடுங்க. உங்க பீப்பாய்தான."

அவர் வாங்கினார். வெர்லின் ஸ்காக்ஸ் என்று எழுதினார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே கேவலமாக இருந்தது. சின்சினாட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

வாசலில் அவர்களை வழியனுப்பிவிட்டு ட்வைலா திரும்பாமலே சொன்னாள்: "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள." மாமா என்று அவள் சொல்லவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வெர்லினின் வண்டி நடீன் வீட்டு வாசலில் நின்றது. படியில் ஒரு சாமந்தித் தொட்டி, போன ஞாயிற்றுக்கிழமை அவர் வாங்கி வந்தது. மஞ்சளாக நிறையப் பூத்திருந்தது. நடீன் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து அவரைக்கொட்டை வேகும் வாசனை வந்தது.

"என்ன வெர்ல், வேலை நாள்ல? வா, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே வரவில்லை.

"நடீன், டோர்சி எண் சொல்லல. சொன்னான்னு நான்தான் பொய் சொன்னேன். அவன் சொல்றதுக்கு முன்னாடியே நான் விட்டுட்டேன்."

இருபது வருடம் கிடங்குக்காரனோடு குடித்தனம் நடத்தியவள். எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அதற்குத் தயாராக இருந்தார். சொல்லப்போனால் அதைத்தான் விரும்பினார்.

"அவர் எதுக்கு உள்ள குனிஞ்சாரு?" என்று கேட்டாள்.

"முதல் பீப்பாய் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. நேரா நிறுத்திட்டு இருந்தான்."

"அப்ப வேலையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"ஆமா."

"ஒழுங்கா."

"ஆமா நடீன். ஒழுங்கா."

அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. கோட்டையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு, கையில் காய் நறுக்கும் கத்தியோடு வெளியே வந்தாள். படியிறங்கும்போது அவருடைய சாமந்தித் தொட்டியைப் பார்த்தாள். அதைத் தாண்டி வீட்டின் பின்பக்கம் போனாள். வேலியோரம் தானாக முளைத்து, அக்டோபர் குளிரில் பாதி கருகிப்போன பூக்களைக் குனிந்து அறுத்தாள். நல்லது கெட்டது பார்க்காமல் ஒரு கைப்பிடி.

"நான் ஓட்டிட்டு வரவா?" என்றார் வெர்லின்.

"ஒம்பது வருஷம்" என்றாள் அவள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, கையிலிருந்த பூவைப் பார்த்துச் சொன்னாள். "ஒம்பது வருஷம் அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே, உனக்குச் சோறு போட்டேன்."

கார் கோயில் இருந்த திசையில் திரும்பியது. வெர்லின் தொப்பியைக் கையில் வைத்தபடி படியில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. மேசையைச் சுற்றியிருந்த நான்கு நாற்காலிகளில் தன்னுடையது எது என்று அங்கிருந்தே அவருக்குத் தெரிந்தது. கையை நீட்டிக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினார்.